வோராய்ட் கூட்டுறவுச் சங்கமும் அதன் கலை விழாக்களும்

வோராய்ட் என்பது பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரில் 1880-81-இல் தொழிலாளர்கள் தொடங்கிய உணவுக் கூட்டுறவுச் சங்கம். ரொட்டி சுட்டு உறுப்பினர்களுக்கு விற்பதே இதன் முதல் தொழில். அந்த விற்பனையில் கிடைத்த உபரியின் ஒரு பகுதியைக் கொண்டு இச்சங்கம் இசைக்குழு, பாடகர் குழு, நாடகக் குழு, நூலகம், விழாக்கள் எனப் பலவற்றை நடத்தியது. 1911 முதல் 1914 வரை தனக்கென ஒரு பெரிய விழா மாளிகையையும் கட்டியது. சங்கத்தின் வணிகம் இன்று இல்லை. மாளிகையில் இசையும் நாடகமும் தொடர்ந்து நடைபெறுகின்றன.

ஓர் உணவுக் கூட்டுறவுச் சங்கம் எவ்வாறு ஊரின் கலைக்கூடமாகவும் ஆக முடியும் என்பதற்கு வோராய்ட் சிறந்த எடுத்துக்காட்டு.

பெயர்

'வோராய்ட்' என்ற டச்சு மொழிச் சொல்லுக்கு 'முன்னோக்கி' என்பது பொருள். சங்கத்தின் பெயராக அமைந்த இச்சொல்லே பின்னர் அதன் நாளிதழுக்கும் விழா மாளிகைக்கும் பெயராயிற்று. கென்ட் நகரம் பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்ஸில் உள்ளது. அங்கு பொதுமக்கள் பேசும் மொழி டச்சு. அதன் பிளாண்டர்ஸ் வழக்கைப் பிளமிஷ் என்பர்.

பின்னணி

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லீவன் பவன்ஸ் என்ற தொழிலதிபர், இங்கிலாந்து வெளியே விடாமல் காத்துவந்த நூற்பு இயந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்தார். அதன்பின் கென்ட் பெரிய பஞ்சாலை நகரமாக வளர்ந்தது. ஐரோப்பியக் கண்டத்தின் மான்செஸ்டர் என்றும் அழைக்கப்பட்டது.

ஆலைகள் பெருகிய அளவுக்குத் தொழிலாளரின் வாழ்வு உயரவில்லை. 'பெலாய்க்' எனப்பட்ட முட்டுச்சந்துகளில், ஒன்றோடொன்று ஒட்டிய சிறிய வீடுகளில் அவர்கள் வாழ்ந்தனர். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே குழாயும் ஒரே கழிப்பிடமும் இருப்பது வழக்கம். 1866-இல் காலரா பரவியபோது இத்தகைய சந்துகளில்தான் உயிரிழப்பு மிகுதியாக இருந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவரை ஆலை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1889-இல்தான் வந்தது. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை 1893-இல் கிடைத்தது. அப்போதும் சொத்தும் கல்வியும் உடையவருக்குக் கூடுதல் வாக்குகள் உண்டு.

கலையிலும் இதே பிளவு இருந்தது. 1840-இல் திறக்கப்பட்ட கென்ட் நகர ஓபரா அரங்கம் செல்வந்தருக்கு உரியது. அங்கு ஒலித்த மொழி பிரெஞ்சு. நீதிமன்றம், உயர்கல்வி, உயர்குடியினரின் வீடுகள் ஆகியவற்றிலும் பிரெஞ்சே கோலோச்சியது. கென்ட் பல்கலைக்கழகம் முழுமையாக டச்சு மொழிக்கு மாறியது 1930-இல்தான். எனவே ஒரு நெசவாளி ஓபராவுக்குப் போகாததற்குக் கட்டணம் மட்டும் காரணம் அல்ல. மேடையில் பாடப்படுவது அவருக்குப் புரியாத மொழியில் இருந்தது.

தோற்றம்

கூட்டுறவு முறைக்கு வழிகாட்டியது இங்கிலாந்தின் ராக்டேல் நகரம். 1844-இல் அங்கே 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் தொடங்கினர். கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவுக்கு ஏற்ப உபரியைப் பகிர்தல், ஒருவருக்கு ஒரு வாக்கு ஆகியவை அவர்களின் விதிகள். உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கும் விதியையும் 1850-களில் சேர்த்தனர். அதைக்கொண்டு கடைக்கு மேல்மாடியில் நூலகமும் செய்தித்தாள் வாசிப்பறையும் நடத்தினர். கூட்டுறவுக் கடையும் பண்பாடும் இணைந்து நடக்கும் வழக்கத்துக்கு இதுவே தொடக்கம். சென்னையில் 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் ராக்டேல் வழியைப் பின்பற்றியதே.

கென்ட் நகரில் 1873-இல் 'சுதந்திர ரொட்டிக்காரர்கள்' என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு கூட்டுறவு ரொட்டிக்கூடம் தொடங்கியது. சங்கம் வணிகத்தோடு நின்றுகொள்ள வேண்டுமா, தொழிலாளர் இயக்கத்துக்கும் உதவ வேண்டுமா என்பதில் அதற்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. இயக்கத்துக்கு உதவ வேண்டும் என்றவர்கள் பிரிந்து வோராய்ட் சங்கத்தைத் தொடங்கினர். நெசவாளர் சங்கம் முதலுக்குக் கடன் கொடுத்தது.

இவர்களின் தலைவர் எட்வர்ட் ஆன்சேல (1856-1938). செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்த இவர் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் உயர்ந்தார். முதலாளித்துவக் கோட்டையை உருளைக்கிழங்காலும் ரொட்டியாலும் தாக்குவோம் என்ற கருத்து இவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுவது. 1884-இல் வோராய்ட் நாளிதழ் வெளிவந்தது. 1885-இல் உருவான பெல்ஜியத் தொழிலாளர் கட்சிக்கு இச்சங்கம் முக்கியத் தூணாக அமைந்தது.

நிதி திரட்டிய முறை

வோராய்ட் கலைக்காகத் தனியாக நன்கொடை கேட்டு நிற்கவில்லை. அதன் நிதி ரொட்டி விற்பனையிலேயே பிறந்தது. அம்முறை பின்வருமாறு இயங்கியது.

உறுப்பினர் முன்கூட்டியே பணம் கொடுத்து உலோக வில்லைகளை வாங்குவார். வீட்டுக்கு ரொட்டி வரும்போது பணத்துக்குப் பதிலாக ஒரு வில்லையைக் கொடுப்பார். இதனால் சங்கத்துக்குக் கோதுமை மாவு வாங்கக் கைமுதல் கிடைத்தது. கடன் விற்பனை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. மளிகைக் கடைக்காரரிடம் கடன் வாங்கி, கூலி வந்ததும் அதை அடைத்து, மறுநாளே மீண்டும் கடன் கேட்கும் நிலையிலிருந்து பல குடும்பங்கள் விடுபட்டன.

ரொட்டி அடக்க விலைக்கு விற்கப்படவில்லை. அடக்க விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள வேறுபாடு உபரியாகச் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி, அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினருக்கே திரும்பியது. ஆனால் அது ரொக்கமாகத் தரப்படவில்லை. சங்கத்தின் பிற கடைகளில் துணி, செருப்பு, நிலக்கரி, மளிகை ஆகியவற்றை வாங்கிக்கொள்ளும் சீட்டாகத் தரப்பட்டது. எனவே அப்பணம் மீண்டும் சங்கத்துக்குள்ளேயே சுழன்றது. மீதியிலிருந்து நோயுற்ற உறுப்பினருக்கு இலவச ரொட்டி, மருத்துவ உதவி, கட்சிப் பணி, கல்வி, கலை ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டது.

சிறு தொகை எவ்வாறு பெருகும் என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இது சங்கத்தின் கணக்கேட்டில் உள்ளது அன்று. விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட கணக்கு. ஒரு ரொட்டிக்கு ஒரு சென்டைம் மட்டும் பொது நிதிக்குப் போவதாகக் கொள்வோம். 5,000 குடும்பங்கள் வாரத்துக்கு 8 ரொட்டி வீதம் வாங்கினால் வாரம் 40,000 சென்டைம் சேரும். நூறு சென்டைம் ஒரு பிராங்க் என்பதால் அது 400 பிராங்க். ஆண்டுக்கு 20,800 பிராங்க் ஆகிறது. ஒரு குடும்பம் தரும் தொகையோ வாரத்துக்கு 8 சென்டைம்தான். ஒரே நாளில் உண்டியல் குலுக்கி இவ்வளவு தொகை பெறுவது கடினம். தினமும் வாங்கியே தீர வேண்டிய பொருளில் அது சேரும்போது யாருக்கும் சுமை தெரிவதில்லை.

இசையின் தேவை

ரொட்டிக்கூடத்துக்கு இசைக்குழு எதற்கு என்ற கேள்வி எழலாம். இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, உறுப்பினரை நிலைநிறுத்துதல். தனியார் கடை ஒன்று சில நாள்களுக்கு விலையைக் குறைத்தாலே வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். தன் மகன் சங்கத்தின் வாத்தியக் குழுவில் ஊதுகிறான், மகள் பாடகர் குழுவில் பாடுகிறாள் என்ற நிலையில் இருப்பவர் அவ்வளவு எளிதில் போகமாட்டார்.

இரண்டாவது, மது. ஜெனீவர் என்ற மலிவான சாராயம் தொழிலாளர் குடும்பங்களைச் சீரழித்துவந்தது. வேலை முடிந்தவர் வெளிச்சமும் வெப்பமும் தேடிப் போக மதுக்கடை தவிர வேறு இடம் இல்லை. வோராய்ட் தன் காபிக் கடைகளில் பீர் விற்றதே தவிர, ஜெனீவரை அனுமதிக்கவில்லை. குடிக்காதே என்று சொல்வதோடு நில்லாமல், போய் உட்கார வேறோர் இடத்தையும் அது கொடுத்தது. பெல்ஜியத்தில் மதுக்கடைகளில் சாராயம் விற்பதைத் தடுத்த சட்டம் 1919-இல் வந்தது. அதைக் கொண்டுவந்த எமில் வாண்டர்வெல்ட இதே இயக்கத்தின் தலைவர்.

மூன்றாவது, தன்மதிப்பு. ஆலையில் ஒருவர் வெறும் கைகளாகவே கணக்கிடப்பட்டார். அதே மனிதர் மாலையில் ஒரு கருவியைக் கற்று, சுரக் குறிப்பைப் படித்து, நாற்பது பேரோடு தாளம் தவறாமல் வாசித்தபோது அவரைப் பற்றிய அவரது எண்ணமே மாறியது.

கலை நிகழ்வுகள்

வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் பித்தளைக் காற்றுக் கருவிகளைக் கொண்டவை. திறந்தவெளியிலும் கூட்டத்திலும் ஒலி நெடுந்தொலைவு கேட்கும் என்பதால் ஊர்வலங்களுக்கு இவை பொருத்தமாக இருந்தன. 1890 முதல் ஐரோப்பாவில் மே தினம் கொண்டாடப்பட்டபோது ஊர்வலத்தின் முன்னால் கொடிகளும் வாத்தியக் குழுவும் சென்றன. தொழிலாளர் ஒருவரின் இறுதி ஊர்வலத்திலும் வாத்தியம் ஒலிப்பது அக்கால இயக்க வழக்கம்.

பாடகர் குழுக்களுக்குச் செலவு குறைவு. கருவி வாங்க வேண்டியதில்லை. ஓர் அறையும் பயிற்றுநரும் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டுப் பழகிப் பாட முடியும். பாட்டு பிளமிஷ் மொழியில் அமைந்தது. தொழிலாளர் பாடகர் குழுக்கள் எவ்வளவு வலிமை பெற்றிருந்தன என்பதற்கு ஒரு சான்று உண்டு. உலகத் தொழிலாளர் கீதமான 'இன்டர்நேஷனல்' பாடலுக்கு 1888-இல் இசையமைத்த பியர் டெகெய்ட்டர் 1848-இல் கென்ட் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பிரான்சின் லில் நகருக்குச் சென்று ஆலையில் வேலை பார்த்தவர். அப்பாடலை முதலில் பாடியது லில் நகரின் தொழிலாளர் பாடகர் குழு.

நாடகத்தில் 'முல்டாட்டுலி' குழு குறிப்பிடத்தக்கது. முல்டாட்டுலி என்பது டச்சு எழுத்தாளர் எடுவர்ட் டவுவஸ் டெக்கரின் புனைபெயர். ஜாவாவில் டச்சு அரசு விவசாயிகளைச் சுரண்டியதை 1860-இல் 'மாக்ஸ் ஹாவலார்' என்ற புதினத்தில் எழுதியவர் அவர். தொழிலாளர்கள் தம் நாடகக் குழுவுக்கு அவர் பெயரைத் தேர்ந்ததிலிருந்தே அவர்களின் நோக்கம் விளங்கும்.

இவை தவிர உடற்பயிற்சிக் குழுக்கள், சிறுவர் விழாக்கள், சொற்பொழிவுகள், நடன இரவுகள், பின்னாளில் திரைப்படக் காட்சிகள் ஆகியவையும் நடந்தன. மிகுதியான கூட்டத்தைச் சேர்த்தவை நடனமும் விழாவும்தான். சொற்பொழிவுக்கு வராதவரும் நடனத்துக்கு வந்தார்.

விழா மாளிகை

கென்ட் நகரின் வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கத்தில் 1899-1902 காலத்தில் 'ஓன்ஸ் ஹாய்ஸ்', அதாவது 'எங்கள் வீடு', என்ற பெரிய கட்டடம் எழுந்தது. இது சங்கத்தின் கடையாகவும் இயக்கத்தின் அலுவலகமாகவும் விளங்கியது. இதை வடிவமைத்த ஃபெர்டினான்ட் டீர்கன்ஸ் என்பவரே பின்னர் விழா மாளிகையையும் வடிவமைத்தார்.

'ஃபேஸ்ட்லோகால்' எனப்பட்ட விழா மாளிகை 1911-இல் தொடங்கி 1914-இல் நிறைவுற்றது. 1913-இல் கென்ட் நகரில் உலகக் கண்காட்சி நடந்ததும் இக்காலத்தில்தான். மாளிகை அமைந்த இடம் தொழிலாளர் சந்துகளில் அன்று. பல்கலைக்கழகத்துக்கு அருகே, வசதி படைத்தோர் வாழ்ந்த மேட்டுப் பகுதியில். அதன் பின்புறம் ஆற்றை நோக்கி இறங்குகிறது. உள்ளே இசை அரங்கு, நாடக அரங்கு, நடனக் கூடம், குவிமாடக் கூடம், பெரிய காபிக் கடை ஆகியவை அமைந்தன. முகப்பில் 'கலை மேன்மைப்படுத்தும்' என்ற பொருளுடைய டச்சு வாசகம் பொறிக்கப்பட்டது. ஓபரா அரங்கின் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் அதற்கு இணையான மாளிகையைத் தம் ரொட்டிக் காசில் எழுப்பிக்கொண்டனர்.

இம்முயற்சி கென்ட் நகரோடு நிற்கவில்லை. பிரஸ்ஸல்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் விக்டர் ஓர்தா வடிவமைத்த 'மக்கள் இல்லம்' 1899-இல் திறக்கப்பட்டது. அதற்கும் கூட்டுறவு ரொட்டிக்கூடமே அடிப்படை. கீழே கடைகளும் காபிக் கூடமும், உச்சியில் ஏறத்தாழ 2,000 பேர் அமரும் அரங்கும் இருந்தன. இரும்பாலும் கண்ணாடியாலும் ஆன அக்கட்டடம் 1965-இல் இடிக்கப்பட்டது. உலகக் கட்டடக் கலைக்கு நேர்ந்த பேரிழப்பாக இன்றும் அது கருதப்படுகிறது.

விமர்சனங்கள்

வோராய்ட் முறை மீது அக்காலத்திலிருந்தே பல கேள்விகள் எழுந்துள்ளன.

ரொட்டி விலையைக் குறைப்பதா, உபரியைச் சேர்த்துப் பிற பணிகளுக்குச் செலவிடுவதா என்பது முதல் கேள்வி. விலை குறைந்தால் மிக ஏழைக் குடும்பத்துக்கு உடனடி நன்மை உண்டு. அரங்கம் கட்டினால் நன்மை பொதுவானது. ஆனால் காலம் தாழ்ந்து வருவது.

இரண்டாவது, கலை மேன்மைப்படுத்தும் என்ற வாசகத்திலேயே ஒரு குறை உள்ளது. தொழிலாளர் ஏற்கெனவே மேன்மையற்றவர் என்றும், மேட்டுக்குடியினரின் கலையே உயர்ந்தது என்றும் அது பொருள்படக்கூடும். தெருப்பாட்டும் திருவிழா ஆட்டமும் கலையில்லையா என்ற கேள்விக்கு அவ்வாசகத்தில் விடை இல்லை.

மூன்றாவது, பிரிவினை. சோசலிசக் கூட்டுறவின் வளர்ச்சியைக் கண்ட கத்தோலிக்கத் தரப்பினர் 1890-களில் தமக்கெனத் தனித் தொழிலாளர் சங்கத்தையும் 'ஹெட் வோல்க்' என்ற நாளிதழையும் கூட்டுறவையும் தொடங்கினர். தாராளவாதிகளுக்கும் தனி அமைப்புகள் இருந்தன. எந்தக் கடையில் ரொட்டி, எந்தக் குழுவில் வாத்தியம், எந்த இதழ், எந்த மருத்துவ நிதி என அனைத்தையும் சார்பே முடிவு செய்யலாயிற்று. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு விழாக்களுக்குச் சென்றனர். ஒரு சாராரை இணைத்த இசை மற்றொரு சாராரிடமிருந்து அவர்களைப் பிரித்தது.

நான்காவது, பெண்களின் இடம். அன்றாடம் வில்லை கொடுத்து ரொட்டி வாங்கியது பெரும்பாலும் பெண்கள். கணக்கையும் திட்டத்தையும் முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெல்ஜியப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1948-இல்தான்.

சரிவு

மாளிகை நிறைவுற்ற ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டு, கென்ட் ஜெர்மானியர் வசமாயிற்று. போருக்குப் பின் சங்கம் ஆலைகள், மீன்பிடிக் கப்பல்கள் எனப் பெருந்தொழில்களில் இறங்கியது. அவற்றுக்கு நிதி அளித்தது 1913-இல் தொடங்கிய தொழிலாளர் வங்கி. உலகப் பொருளாதார நெருக்கடியைத் தாங்க முடியாமல் அவ்வங்கி 1934-இல் வீழ்ந்தது. சிறுகச் சிறுகச் சேமித்தவர்களின் நம்பிக்கைக்கு அது பேரிடியாயிற்று. அன்றாடத் தேவையான ரொட்டியை விற்பதில் இருந்த பாதுகாப்பு பெருந்தொழில் முதலீட்டில் இல்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இரண்டாம் உலகப் போரில் நகரம் மீண்டும் ஜெர்மானியர் வசமாயிற்று. போருக்குப் பின் வானொலியும் தொலைக்காட்சியும் வீட்டுக்குள் வந்தன. பல்பொருள் அங்காடிகள் பெருகின. சமூகப் பாதுகாப்பை அரசே ஏற்றது. சங்கத்தின் கடைகள் வலுவிழக்க, மாளிகையும் பராமரிப்பின்றிச் சிதைந்தது.

இன்றைய நிலை

1982-இல் இளைஞர்களும் கலை ஆர்வலர்களும் மாளிகையில் ஒரு கலை மையத்தைத் தொடங்கினர். 1983-இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது. நீண்ட சீரமைப்புப் பணி 2000-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. இசை, நடனம், நாடகம், இலக்கியம், விவாதம் ஆகியவை அங்கு நடைபெறுகின்றன. காபிக் கூடம் மாணவர்களும் நகர மக்களும் கூடும் இடமாக உள்ளது.

2021-இல் பிளாண்டர்ஸ் சோசலிசக் கட்சி 'வோராய்ட்' என்பதைத் தன் பெயராக ஏற்றது. அதனால் கலை மையம் 'வீர்நுல்வீர்', அதாவது 'நான்கு சுழியம் நான்கு', என்ற புதுப் பெயரைச் சூட்டிக்கொண்டது. மாளிகையின் பெயர் மட்டும் மாறவில்லை.

மதிப்பீடு

வோராய்ட் வரலாற்றில் ரொட்டியும் இசையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ரொட்டி இல்லையேல் இசைக்கு நிதி இல்லை. இசை இல்லையேல் ரொட்டிக்கு நிலையான வாடிக்கையாளர் இல்லை. உலகின் பல நாடுகளில் இன்று உணவுக் கூட்டுறவுச் சங்கங்கள் மாலை நேர இசைக் கூடல்களையும் அறுவடை விழாக்களையும் நடத்துகின்றன. ராக்டேல் மேல்மாடி வாசிப்பறையிலும் கென்ட் விழா மாளிகையிலும் காணப்பட்ட அதே எண்ணத்தின் தொடர்ச்சியாக அவற்றைக் கொள்ளலாம்.

இத்தகைய முயற்சியில் ஈடுபடுவோர் வோராய்ட் வரலாற்றிலிருந்து கற்கத்தக்கவை உண்டு. கலைக்கான பங்கை ஆண்டு இறுதி மிச்சத்திலிருந்து தேடாமல் ஒவ்வொரு விற்பனையிலும் சிறிதளவாக ஒதுக்குவது நிலையானது. உறுப்பினர் பார்வையாளராக மட்டும் இராமல் தாமே பாடி, வாசித்து, நடிக்க வேண்டும். விழாவின் வாசல் ஒரு சார்புடையவருக்கு மட்டும் திறந்தால் ஊர் இரண்டுபடும். கென்ட் தொழிலாளர்கள் முதல் இரண்டையும் நன்கு செய்தனர். மூன்றாவதை அவர்களின் காலம் அனுமதிக்கவில்லை. இன்று அம்மாளிகைக்குள் நுழைபவரிடம் எந்தக் கடையில் ரொட்டி வாங்குகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.